திருத்தம் ஒன்று

இடது கைச் சுண்டுவிரல்தான் கண்ணுசாமியின் கழுத்தை அறுத்தது. மற்ற விரல்கள் எப்படியோ சொன்ன பேச்சைக் கேட்டன. இது மட்டும் சண்டி மாடு மாதிரி படுத்துக்கொண்டது. நாற்பத்திரண்டு வருஷமாக அதற்கு வேலை என்று ஒன்று இருந்ததில்லை. சோறு பிசைந்ததில்லை, பேனா பிடித்ததில்லை. இப்போது விடிந்தும் விடியாமலும் அதைக் கூப்பிட்டு, இங்கிலீஷின் முதல் எழுத்தை நீதான் அடிக்க வேண்டும் என்றால் அதுவும்தான் என்ன செய்யும்? கண்ணுசாமி அழுத்தினார். எழுத்துக்கம்பி பாதி தூரம் எழுந்து, காகிதத்தைத் தொடாமலே திரும்பிப் படுத்தது.

"அழுத்தாதீங்கண்ணா, தட்டுங்க," என்றான் அர்த்தநாரி. "சுட்ட சட்டியத் தொட்டா கைய எடுப்பம் பாருங்க, அப்படி."

அர்த்தநாரிக்கு இருபத்தேழு வயசு. கடலை எண்ணெய் மண்டிக்கு மேலே, மரப்படி ஏறிப் போகிற ஒரு நீளமான அறையில் ஏழு டைப் மெஷின்களை வைத்து இன்ஸ்டிட்யூட் நடத்தினான். ஏழும் பழசு. ஒவ்வொன்றிலும் எழுத்துக் கட்டைகளின் மேல் ஒரு தகர மூடி. கையை மூடிக்கு அடியில் விட்டுக்கொண்டு, கண்ணைப் பக்கத்தில் நிறுத்தியிருக்கும் புத்தகத்தில் வைத்துக்கொண்டு அடிக்க வேண்டும். எந்த எழுத்து எங்கே இருக்கிறதென்று விரலுக்குத்தான் தெரிய வேண்டுமே தவிர கண்ணுக்குத் தெரியக்கூடாது. அதுதான் வித்தை. கீழேயிருந்து வரும் பிண்ணாக்கு வாசனையும், ஏழு மெஷின்களின் சத்தமும் சேர்ந்து, வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்குத் தலையைச் சுற்ற வைக்கும்.

காலை ஆறு மணி வகுப்பில் கண்ணுசாமியைத் தவிர மற்ற எல்லாரும் மீசை அரும்புகிற வயசு. அடுத்த மெஷினில் உட்காரும் குழந்தைவேல் ஸ்கூல் பைனல் முடித்துவிட்டு வந்தவன். அவன் விரல்கள் கோழி தீனி பொறுக்குவது போல ஓடும். "அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா?" என்று முதல் வாரத்திலேயே பக்கத்துப் பையனிடம் சொன்னான். காதில் விழட்டும் என்றுதான் சொன்னான். கண்ணுசாமிக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே. ஏழு மணிக்கு இங்கிருந்து எழுந்து, வீட்டுக்குப் போய்க் கம்மங்கூழைக் குடித்துவிட்டு, பத்து மணிக்குக் கோர்ட்டில் இருக்க வேண்டும்.

கோர்ட்டு என்றால் அந்த ஊர் முன்சீப் கோர்ட்டு. கண்ணுசாமி அங்கே நகல் எழுதுகிறவர். வழக்கில் ஜெயித்தவனுக்கும் தோற்றவனுக்கும் தீர்ப்பின் நகல் வேண்டும், சாட்சி சொன்னதன் நகல் வேண்டும். அதை மூலத்தைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதித் தருவது அவர் வேலை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. நாலாவது பாரம் வரைக்கும் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு பத்தொன்பது வருஷமாக எழுதினார். அவரோடு சென்றாயன் என்று இன்னொருவரும் எழுதினார்.

போன மார்கழியில்தான் உத்தரவு வந்தது. ஜூலை முதல் தேதியிலிருந்து கையால் எழுதிய நகல் செல்லாது. டைப் அடித்த நகல்தான். கோர்ட்டுக்கு ஒரு மெஷின் வரும், ஒரே ஒரு டைப்பிஸ்ட் இருப்பான், அவனுக்கு மாசச் சம்பளம், வயசானால் பென்ஷன். இப்போது நகல் எழுதுகிறவர்களில் யாராவது சர்க்கார் டைப் லோயர் பரீட்சை பாஸ் செய்தால் அவர்களுக்கே அந்த வேலை. பாஸ் செய்யாதவர்கள் ஜூன் முப்பதோடு போய்விட வேண்டியது. தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தார் இதைப் படித்துக் காட்டியபோது சென்றாயன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எனக்குப் பனமரத்துப்பட்டியில ரெண்டு ஏக்கரா கெடக்குதுங்க," என்றார். "மழ பேஞ்சா எனக்கு மெஷினு வேண்டாம். பேயாட்டி மெஷினும் ஒதவாது."

அந்த மாசக் கடைசியிலேயே அவர் மூட்டையைக் கட்டிவிட்டார். கண்ணுசாமிக்கு ஏக்கராவும் இல்லை, செண்டும் இல்லை. பாகம் பிரித்தபோதே அவர் பங்கைக் கடன்காரன் கொண்டுபோயிருந்தான். இருந்ததெல்லாம் பெண்டாட்டி, இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு வாடகை வீடு, அப்புறம் இந்தக் கை. இதுவரைக்கும் வலது கை மட்டும் சோறு போட்டது. இனிமேல் இரண்டும் போட வேண்டும் என்றார்கள்.

நகல் எழுதுகிற அறையில் ஒரு கண்டிப்பு உண்டு. தப்பு விழுந்தால் ரப்பரால் அழிக்கக்கூடாது, கத்தியால் சுரண்டக்கூடாது. தப்பின் மேல் ஒற்றைக் கோடு; அதன் தலையில் சரியானது; அந்த வரிக்கு நேராக ஓரத்தில் எழுதினவனின் சின்னக் கையெழுத்து. கடைசியில், 'திருத்தம் ஒன்று', 'திருத்தம் இரண்டு' என்று கணக்கும் எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த வருஷம் கண்ணுசாமி ஒரு சர்வே நம்பரில் ஓர் இலக்கத்தைச் சுரண்டித் திருத்தி, அதன் மேல் நகத்தால் தேய்த்து மழமழப்பாக்கி வைத்தார். அப்போதிருந்த சிரஸ்தார் தாளை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். "தப்புப் பண்றவன் மனுஷன். மறைக்கிறவன் திருடன். இந்த ஒரு இலக்கத்துல ஒருத்தன் கிணறே போயிடும், தெரியுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அன்றைக்குக் கூசின உடம்பு. அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் அவர் எழுதின எந்தத் தாளிலும் கையெழுத்தில்லாத திருத்தம் ஒன்றுகூடக் கிடையாது. கை அதைத் தன்பாட்டுக்குச் செய்யும். மனசு வேறெங்காவது வீட்டு வாடகையில் இருக்கும்.

மாசியில் சுண்டுவிரல் வீங்கியது. பெண்டாட்டி நல்லம்மாள் உப்பைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். அவளுடைய விரல்களே பார்க்கிற மாதிரி இல்லை. கீழ்த்தெரு மண்டிக்காரருக்குக் கடலைக்காய் உரித்துக் கொடுத்து, கட்டைவிரல் நகம் இரண்டும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன. ஈரக் காயை உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் வெள்ளை வெளேரென்று ஊறிப்போயிருந்தது.

"ஏனுங்க, எழுதறவங்களுக்குக் கை வலிக்கும்னு தெரியும். தட்டறவங்களுக்குமா வலிக்கும்?" என்றாள்.

"பழகறவரைக்கும் வலிக்கும். பழகீட்டா ஒண்ணுந் தெரியாதாம்."

"கடலக்காயிக்கும் அப்படித்தான் சொன்னாங்க," என்றாள் நல்லம்மாள். "நானும் ஆறு வருசமாப் பழகறன்."

அவள் சிரிக்கவில்லை. ஒத்தடத் துணியைத் திருப்பிப் போட்டுவிட்டு அடுத்த கையைக் கேட்டாள்.

இன்ஸ்டிட்யூட்டில் ஒரு மணி நேரம் போதவில்லை. கண்ணுசாமி ஒரு பழைய கட்டு அட்டையில் சதுரம் சதுரமாகக் கோடு போட்டு எழுத்துகளை எழுதிக்கொண்டார். கோர்ட்டில் மத்தியானம் எல்லாரும் புளிய மரத்தடிக்குச் சாப்பிடப் போனதும் அதை மேஜைமேல் வைத்து விரலால் தட்டுவார். ஒரு மாசத்தில் அட்டையும் வேண்டியிருக்கவில்லை. தொடையில் தட்டினார், பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது வேட்டி மடிப்பில் தட்டினார். கோர்ட்டுச் சேவகன் டவாலி அம்மாசி இதைக் கொஞ்ச நாள் பார்த்தான்.

"ஏனுங் சாமி, ஒடம்புக்கு ஏதாச்சும் நோவுங்ளா? விரலு துடிக்குதே," என்று கேட்டான்.

"வயித்துக்கு நோவு, அம்மாசி. அது விரலுக்கு வந்திருக்குது."

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது டைப்புக்காகவே சொன்ன பழமொழி. பங்குனியில் நிமிஷத்துக்குப் பதினெட்டு வார்த்தை வந்தது. அடுத்த வாரம் பதினைந்துக்கு இறங்கியது. பரீட்சைக்கு முப்பது வேண்டும். தப்பு விழுந்தால் நிற்கிற பழக்கம் அவரை இழுத்தது. ஒரு எழுத்து மாறிப்போனால் கை அப்படியே நின்றுவிடும். "நிக்காதீங்கண்ணா. விழுந்தது விழுந்துது, விட்டுட்டு மேல போங்க," என்று அர்த்தநாரி முதுகுக்குப் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பான். தப்பை விட்டுவிட்டுப் போவதற்குக் கண்ணுசாமி தனியாகப் பாடம் கற்க வேண்டியிருந்தது. அது சுண்டுவிரலை விடக் கஷ்டமாக இருந்தது.

ஆனாலும் வந்தது. சித்திரை பிறந்து பத்தாம் நாள், தகர மூடிக்கு அடியில் விரல்கள் அவரைக் கேட்காமலே நடக்க ஆரம்பித்தன. புத்தகத்தில் கண் ஓட, காகிதத்தில் எழுத்து விழுந்தது. நடுவில் தான் என்று ஒருவன் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. அர்த்தநாரி கடிகாரத்தை மூடிவிட்டு வார்த்தைகளை எண்ணினான். முப்பத்திரண்டு. குழந்தைவேல் எட்டிப் பார்த்து, "பரவாயில்லீங்களே மாமா!" என்றான். அவன் இது வரைக்கும் மாமா என்று கூப்பிட்டதில்லை. கண்ணுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. எண்ணெய்ப் புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

பரீட்சை சேலத்தில், ஒரு ஹைஸ்கூலில். மெஷினை அவரவர்தான் கொண்டுபோக வேண்டும். சர்க்கார் மேஜை தரும், தாள் தரும், மெஷின் தராது. நாலு பேர் எழுதப் போனார்கள். பரீட்சை இரண்டு பேட்ச் என்பதால் இரண்டு மெஷின்களை மாற்றி மாற்றி அடிப்பது என்று ஏற்பாடு. பஸ்ஸின் மேல்தட்டில் போட்டால் குலுக்கலில் எழுத்து விலகிவிடும் என்று அர்த்தநாரி ஒன்றைத் தன் மடியிலும் மற்றொன்றைக் கண்ணுசாமி மடியிலும் வைத்தான். சாக்கு சுற்றின மெஷின் முப்பது ராத்தல் இருக்கும். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். கண்ணுசாமிக்குப் புதுச்சத்திரம் வருவதற்குள் தொடை மரத்துப்போய்விட்டது, மல்லூர் தாண்டும்போது இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறதா என்றே சந்தேகம். ஒவ்வொரு பள்ளத்திலும் மெஷினைக் குழந்தையைத் தூக்குவது போலக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். சேலத்தில் இறங்கியபோது விரல்கள் மடங்கவில்லை. ஸ்கூல் குழாயடியில் பச்சைத் தண்ணீரில் கையைப் பத்து நிமிஷம் வைத்துக்கொண்டு நின்றார்.

மணி அடித்தது. நாற்பது மெஷின்கள் ஒரே நேரத்தில் கிளம்பின. ஓட்டுக் கூரையில் ஆலங்கட்டி மழை மாதிரி இருந்தது. முதல் பேப்பர் பத்து நிமிஷம், வேகத்துக்கு. கண்ணுசாமி எங்கும் நிற்கவில்லை. முன் வரிசையில் ஒரு பையனின் மெஷினில் ரிப்பன் சிக்கிக்கொண்டு அவன் அழ ஆரம்பித்தான்; அதையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நேரம் முடிந்து கையை எடுத்தபோது கடைசி வரியில் இருந்தார்.

இரண்டாவது பேப்பர் ஒரு கடிதம், ஒரு பட்டியல். இதற்கு நேரம் தாராளம். ஏரி மராமத்துக் கணக்கு ஒன்றைக் கட்டம் கட்டமாக அடிக்கச் சொல்லியிருந்தார்கள். இலக்கமும் பட்டியலும் கண்ணுசாமிக்குப் பழகின பூமி. மற்றவர்கள் திணறிக்கொண்டிருந்தபோது அவர் முடித்துவிட்டார். தாளை உருவி மேஜையில் வைத்து, பத்தொன்பது வருஷமாகச் செய்வது போல, மூலத்தின் மேல் இடது ஆள்காட்டி விரலையும் நகலின் மேல் வலது ஆள்காட்டி விரலையும் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். ஆறாவது வரியில் 3,480 என்பது 3,470 என்று விழுந்திருந்தது. எட்டும் ஏழும் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள்.

சட்டைப் பையில் பேனா இருந்தது. மேல் தாளில் நம்பர் எழுதுவதற்குக் கொண்டுவந்த பேனா. அவர் அதை எடுத்து ஏழின் மேல் ஒற்றைக் கோடு போட்டார். தலையில் எட்டு எழுதினார். அந்த வரிக்கு நேராக ஓரத்தில் தன் சின்னக் கையெழுத்தைப் போட்டார். அடியில் இங்கிலீஷில், 'திருத்தம் ஒன்று' என்று எழுதி அதற்கும் ஒரு கையெழுத்து. மை காயட்டும் என்று ஊதினார். மேற்பார்வைக்காரர் வந்து தாளை வாங்கிக் கட்டோடு சேர்த்துக்கொண்டு போனார். கண்ணுசாமிக்கு அஞ்சு மாசத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் பசித்தது.

வெளியே வேப்ப மரத்தடியில் அர்த்தநாரி மெஷினுக்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"எப்படீங்கண்ணா?"

"ஒரு கொறையும் இல்லீங் தம்பி. ரெண்டாவது பேப்பர்ல ஒரே ஒரு எலக்கம் மாறிப்போச்சு. பாத்துப்போட்டன். ரப்பரு கிப்பரு ஒண்ணுந் தொடுலீங். கோடு போட்டு, மேல எழுதி, ஓரத்துல கையெழுத்தும் போட்டுட்டன்."

கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த அர்த்தநாரியின் கை நின்றது.

"என்ன கையெழுத்துங்கண்ணா?"

"என்ற கையெழுத்துத்தானுங். கோர்ட்டுல போடறது."

"பேப்பர் மேலயா போட்டீங்க?"

"வேற எங்க போடறது?"

அர்த்தநாரி கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தான். பிறகு மெதுவாக, நோயாளியிடம் சொல்வது போலச் சொன்னான்: "பேப்பர்ல ஆளு இன்னாருன்னு தெரியற மாதிரி எதுவும் இருக்கக்கூடாதுங்கண்ணா. நெம்பர் மட்டுந்தான். பேரோ கையெழுத்தோ இருந்தா, திருத்தறவனுக்கு ஆள் காட்டுறதுன்னு சொல்லி அந்தப் பேப்பரையே தள்ளிப்போடுவாங்க."

கண்ணுசாமிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டார்கள்.

"இத ஏந் தம்பி முன்னாலயே சொல்லுல?"

"அண்ணா..." அர்த்தநாரி கயிற்றை மறுபடி எடுத்தான். "நான் எத்தன பேர அனுப்பியிருக்கறன். தன்ற தப்புக்குத் தானே கையெழுத்துப் போட்டவன் ஒருத்தனும் இல்லீங்க. சொல்லோணும்னு எனக்கு எப்படித் தோணும்?"

திரும்பி வரும்போதும் மெஷின் கண்ணுசாமி மடியில்தான் இருந்தது. இந்தத் தடவை அவர் பள்ளத்தில் தூக்கிப் பிடிக்கவில்லை. அர்த்தநாரியும் கேட்கவில்லை.

வீட்டில் சொன்னபோது நல்லம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"தப்ப ஒத்துக்கிட்டதுக்கா பெயிலு போடுவாங்க?"

"தப்புக்கு இல்ல புள்ள. தப்புக்கு ஒரு மார்க்குத்தான் போவும். பேரு தெரிஞ்சுபோச்சுன்னு."

"நம்ம பேரு தெரிஞ்சு ஆருக்கு என்ன?" என்றாள் அவள். முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டு, "பாத்துக்குடுத்தாலும் குடுப்பாங்க. எழுத்து அத்தன சின்னதுதானே," என்றாள். ஒரு மாசத்துக்கு மேல் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கண்ணுசாமி காலை ஆறு மணி வகுப்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் முடிவு தெரிந்துவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தார். முப்பத்தைந்து வார்த்தை அடித்தார், முப்பத்தெட்டு அடித்தார். அர்த்தநாரி வகுப்புக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டான்.

ஜூன் முதல் வாரம் கெஜட் வந்தது. சிரஸ்தார் மேஜையில் கிடந்ததைக் கண்ணுசாமியே எடுத்துப் பார்த்தார். குழந்தைவேலின் நம்பர் இருந்தது. அதற்கடுத்து இருக்க வேண்டியது இல்லை. அர்த்தநாரி மேலே எழுதிக் கேட்டான். ஒரு வாரம் கழித்து அச்சடித்த கார்டு ஒன்று வந்தது. விடைத்தாளில் ஆளை அடையாளம் காட்டும் குறி இருந்தபடியால் தாள் மதிப்பிடப்படவில்லை என்று அதில் இருந்தது.

சிரஸ்தார் கெட்டவர் இல்லை. அடுத்த வருஷம் அவருக்கே ரிட்டயர். கண்ணுசாமி கொண்டுவந்த விண்ணப்பத்தை நிதானமாகப் படித்தார். நடந்ததை நடந்தபடி எழுதி, அடுத்த பரீட்சை வரைக்கும் ஆறு மாசம் தவணை கேட்டிருந்தார் கண்ணுசாமி.

"ஏம்ப்பா, கோர்ட்டுப் பழக்கத்தைக் கொண்டுபோய் அங்கேயா காட்டுவே?"

"இங்க அதத்தானுங்களே சொல்லிக் குடுத்தாங்க."

"அது இங்கே." சிரஸ்தார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டார். "மேலே அனுப்பறேன். ஆனா நம்பிக்கை வெச்சுக்காதே. வேற ஊர்க்காரங்க கேட்டதுக்கே முடியாதுன்னுட்டாங்க. ரூல்ஸுக்கு நீ யாரு, உன் பழக்கம் என்னன்னு தெரியாது."

விண்ணப்பம் போன வேகத்தில் திரும்பி வந்தது. தவணை கிடையாது. டைப்பிஸ்ட் வேலைக்கு லோயர் பாஸ் செய்த ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று கூடவே அனுமதியும் வந்தது. குழந்தைவேல் மனுப் போட்டிருந்தான். அவன் மீது கண்ணுசாமிக்கு வருத்தம் இல்லை. அவனும் ஒரு வீட்டுக்குப் பிள்ளைதான். ஆனால் மனுப் போட்ட நாளிலிருந்து அவன் ஆறு மணி வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். மாமா என்று கூப்பிட ஆளில்லாமல் போனதுதான் மிச்சம்.

ஜூன் முப்பதாம் தேதி கண்ணுசாமி பேனாக்களைக் கழுவிப் பெட்டியில் வைத்தார். மிச்சமிருந்த மையை வாசல் துளசியோரம் கொட்டப் போனபோது சிரஸ்தார் கூப்பிட்டார். அவர் அறை மூலையில், நாலு நாளைக்கு முன்னால் வந்திறங்கின புது மெஷின் உறை போட்டபடி இருந்தது. அதற்கென்று வாங்கின மேஜையின் வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை.

"உன்னை ரிலீவ் பண்ற உத்தரவு," என்று ஒரு தாளை நீட்டினார் சிரஸ்தார். முன்சீப் கைப்பட எழுதியிருந்த வரைவு. "மூணு பிரதி வேணும். ஜில்லாவுக்கு ஒண்ணு, நம்ம ஆபீசுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. கையால எழுதினா ஏத்துக்க மாட்டாங்க. அந்தக் குழந்தைவேல் பையன் நாளைக்குத்தான் சேர்றான்." சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நீ அடிப்பேதானே?"

"அடிக்கறனுங்க."

கண்ணுசாமி உறையை எடுத்து மடித்து வைத்தார். மூன்று தாளுக்கு நடுவில் இரண்டு கார்பனைச் செருகி, ஓரம் தட்டி, உருளையில் விட்டுத் திருப்பினார். எழுத்துக் கட்டைகள் கருகருவென்று பளபளத்தன. இங்கே தகர மூடி இல்லை; வேண்டுமானால் பார்த்தே அடிக்கலாம். அவர் வரைவை இடது பக்கம் சாய்த்து வைத்து, அதையே பார்த்துக்கொண்டு கையை வைத்தார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து அறை குமாஸ்தாக்கள் இரண்டு பேர் வந்தார்கள். கதவோரம் அம்மாசி வந்து நின்றான். மெஷின் வந்த நாளிலிருந்து அதிலிருந்து சத்தம் வந்தது அன்றைக்குத்தான்.

"கீழ பாக்காமயே அடிக்கறாருங்களே!" என்றான் அம்மாசி.

மேற்படி கண்ணுசாமி என்பவர், நகல் பிரிவில் பத்தொன்பது ஆண்டு இருந்தவர், டைப் அடிப்பதில் உரிய தகுதி பெறாத காரணத்தால் இன்று மாலை முதல் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். இங்கிலீஷில் அது ஆறு வரி வந்தது. சுண்டுவிரல் எங்கும் தயங்கவில்லை. தன் பெயர் வந்த இடத்திலும் கை அதே வேகத்தில் போனது. ஒவ்வொரு வரி முடிவிலும் மணி கிணுங்க, இடது கை உருளையைத் தள்ளியது. இரண்டு நிமிஷத்தில் முடித்துத் தாளை உருவினார்.

சிரஸ்தார் மூன்றையும் வாங்கி வரைவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டாவது தடவையும் பார்த்தார். ஓர் எழுத்து மாறவில்லை. மேல் தாளையும் நடுத் தாளையும் கட்டில் வைத்துவிட்டு, அடியில் மங்கலாக விழுந்திருந்ததை மடித்துக் கண்ணுசாமியிடம் கொடுத்தார். கண்ணுசாமி அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மெஷினுக்கு உறையை மாட்ட ஆரம்பித்தார்.

அம்மாசிக்கு ஆசை. மெல்லக் கிட்டே வந்து ஒரு விரலை நீட்டி, உறைக்கு வெளியே தெரிந்த ஓரக் கட்டையைத் தொடப் பார்த்தான்.

"டேய், தொடாதே!" என்று சிரஸ்தார் சத்தம் போட்டார். "புது மெஷின். வேலை தெரியாதவன் கை பட்டா நாளைக்கு வர்றவனுக்கு உதவாமப் போயிடும்."

அம்மாசி சட்டென்று விரலை இழுத்துக்கொண்டான். உறையின் நாடாவைப் பாதி முடிந்துகொண்டிருந்த கண்ணுசாமியும் கையை எடுத்துவிட்டார்.